அசல் கங்காரு தோலும் ஏழாவது ஆளும்

1. ஆறு பேர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே எங்கள் டீம் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் தோற்றது.

அமெச்சூர் ஃபுட்பால் லீக், மூன்றாம் டிவிஷன். அதற்குக் கீழே வேறு டிவிஷன் கிடையாது, புல்தான் இருக்கிறது. ஃபேரர் பார்க்கில் ஆடும் அந்தக் கிளப்புக்கு நான் பகுதி நேரச் செயலாளர். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டில் டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த வேலை. விசிட்டிங் கார்டு நானே அடித்துக்கொண்டேன். கிளப்புக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. லீக்கில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘பச்சைச் சட்டை’ என்றால்தான் தெரியும்.

இந்த வேலை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு வேறு. என் வயதுக்காரர்கள் எங்கள் பேட்டையான ஆங் மோ கியோவின் காப்பிக்கடையில் உட்கார்ந்து இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, நான் அதே இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர் கிளப்பை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது அடுக்கு வட்டார லீக். ஒரே ஒரு கேமரா, அதுவும் பாதி நேரம் ஒரு தூணைத்தான் காட்டும். அங்கே கிளப் செயலாளர்தான் டிக்கெட் கிழிப்பார், கோல் வலை கட்டுவார், இடைவேளையில் டீ ஊற்றிக் குலுக்கல் சீட்டு விற்பார், நாய் உள்ளே ஓடினால் பிடித்துக்கொண்டு வருவார். பெனால்டி அடிப்பவரைவிட எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

ஆகவே முதல் நாள் ஒரு ஃப்ளாஸ்க் டீயும் ஒரு கட்டுக் குலுக்கல் சீட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டக்காரர்கள் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேரை ஏற்றிவந்த தொழிலாளர் டார்மிட்டரி பஸ் துவாஸ் பக்கம் எங்கேயோ பஞ்சராகி நின்றுவிட்டது.

ரெஃப்ரி மிஸ்டர் டான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கடிகாரத்தைப் பார்த்தார், பதினைந்து நிமிடம் காத்திருந்தார், விசில் ஊதினார். எதிரணிக்கு வாக்ஓவர்.

“என்ன கோச், ஆறு பேரை வச்சு ஆடக் கூடாதா?” என்று கேட்டேன்.

எங்கள் கோச் மாறன் வார நாள்களில் பஸ் ஓட்டுகிறவர். பேச்சும் ஹாரன் மாதிரியே இருக்கும். “ஏழு பேர் இல்லாம ஆட்டம் ஆரம்பிக்கக் கூடாதும்மா, அது ரூல். ஆறு பேர்னா அது டீம் இல்ல, கல்யாண வீட்ல சீட்டாடுற கூட்டம். இன்னொரு வாக்ஓவர் ஆச்சுன்னு வை, லீக்கை விட்டே தூக்கிடுவாங்க. ஒரு சீசனுக்கு ரெண்டுதான் கணக்கு. ஃப்ளாஸ்க்ல என்ன, டீயா? ஊத்து லா.”

அன்று என் நோட்டில் நான் எழுதியது ஒரே ஓர் எண்: 7. அதைச் சுற்றி வட்டமும் போட்டேன்.

2. கங்காரு

எங்கள் கேப்டன் முத்து. பரமக்குடிக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. டிஃபென்ஸின் நடுவில் நின்றால் கதவைச் சாத்திய மாதிரி இருக்கும். அவருக்கு உலகத்தில் இரண்டு பெருமைகள். ஒன்று ஊரில் இருக்கும் மனைவி. மற்றொன்று காலில் இருக்கும் பூட்ஸ்.

“தொட்டுப் பாருங்க மேடம். அசல் கங்காரு தோல்” என்றார் அறிமுகமான அன்றே.

“எங்க வாங்குனீங்க?”

“சிராங்கூன் ரோட்ல ஒரு கடைல. கடைக்காரர் எனக்காகவே எடுத்து வச்சிருந்தாரு. ஆஸ்திரேலியாலேருந்து நேரா வந்த சரக்கு.”

“அதான் உன் கிக் எல்லாம் குதிச்சுக் குதிச்சுப் போகுது” என்றார் கோல்கீப்பர் ஹாஜா. ஹாஜாவுக்குத் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை. சீசன் முழுக்க இந்தக் கங்காரு கிண்டல் ஓடியது. முத்து பந்தை வெளியே அடித்தால் “பைக்குள்ள போட்டு வச்சிட்டான்டா” என்பார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைத் துடைத்துத் துணிப்பையில் போட்டு, தூங்கும் குழந்தையை வைப்பது போல வைப்பார். திரும்பும் லாரியில் அது அழுக்காகிவிடுமாம். அதனால் மாதம் ஒன்று கழிந்ததும் பையைக் காக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அன்றுதான் ‘மேடம்’ போய்த் ‘தங்கச்சி’ ஆனேன்.

ஒரு முறை, இந்தக் கடைசி டிவிஷனுக்கு இவ்வளவு அலட்டல் தேவையா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். முத்து சிரிக்கவில்லை.

“ஆறு நாளு ஹெல்மெட்டுக்குள்ள இருக்கேன் தங்கச்சி. யாருக்கும் என் பேரு தெரியாது, நம்பர்தான். ஞாயித்துக்கிழம இங்க வந்தா, ‘முத்து, மேன் ஆன்’னு நாலு பேரு பேரு சொல்லிக் கத்துறாங்க. இது இல்லன்னா எனக்கு வாரமே இல்ல.”

அதன் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

3. இரண்டு நிமிடப் பதில்

டிசம்பர் மழையில் நைஜல் அணியோடு ஒரு ஆட்டம். நைஜல் ஆங்கிலேயர், வங்கி வேலைக்காக இங்கே வந்தவர், எனக்கு நேர் எதிர்ப் பதவி: அந்த அணியின் செயலாளர். அவர்கள் டீமில் எல்லாருமே அவர் மாதிரிதான், உயரமாக, சிவப்பாக, வெயிலில் தக்காளிபோல. நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். அந்த சீசனில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. கோச் அழும் நிலையில் இருந்தார். அப்போது இடி எச்சரிக்கை சைரன் அலறியது. மிஸ்டர் டான் ஆட்டத்தை ரத்து செய்தார். இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும். மழை விடவில்லை. சேற்றுக்காகத் திடலையே ஐந்து வாரம் மூடிவிட்டார்கள். அந்த ஐந்து வாரமும் நான் டீமில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் லீக்கிலிருந்து மெயில் வந்தது. மூன்று தேதிகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். முதல் இரண்டு நாளும் திடலை வேறு டீம்கள் பிடித்திருந்தன. மூன்றாவது, பிப்ரவரி முதல் வாரத்து ஞாயிறு, மாலை நான்கு மணி. அன்று திடல் காலையிலிருந்து இரவு வரை காலி. ஃபேரர் பார்க்கில், ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்கக் காலி! சுற்றுவட்டாரத்துத் தமிழ் டீம் ஒன்றுகூட ஏன் அந்த நாளைத் தொடவில்லை என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். போன் காலண்டரைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது. இரண்டே நிமிடத்தில் ‘கன்ஃபர்ம்டு’ என்று பதில் போட்டேன். பக்கத்தில் ஒரு பந்துப் படம் வேறு.

பிறகு போஸ்டர் செய்யத் தொடங்கினேன். பதிலுக்கு இரண்டு நிமிடம், போஸ்டருக்கு ஒன்பது நாள். நடுவில் கோச் தேதி கேட்டபோது, “போஸ்டர்ல பாருங்க கோச், சஸ்பென்ஸ்” என்றேன். பட்டறை லாரியும் பஸ் ஷிஃப்டும் பார்த்து நாள் ஒதுக்குகிற மனிதர்களிடம் சஸ்பென்ஸ் வைத்தேன்.

ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை மாலை, குரூப்பில் போஸ்டரைப் போட்டேன். முதல் பதில் முத்துவின் குரல்.

“தங்கச்சி, போஸ்டர் அருமையா இருக்கு. ஆனா அன்னிக்குத் தைப்பூசம்.”

அடுத்து வரிசையாக வந்தது. நான் பால் குடம். நான் அண்ணன் காவடிக்குத் துணை. நானும் துணை. நான் தண்ணீர்ப் பந்தல். கடைசியாக ஹாஜா: “நான் ஃப்ரீ. பதினோரு பேருக்கும் சேர்த்து ஆடிடவா?”

சமையலறைக்கு ஓடினேன். அம்மா மாட்டிய தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். தேதிக்கு மேலேயே வேலும் மயிலும். இந்த ஊரில் தைப்பூசத்துக்கு விடுமுறை கிடையாது. என் போனுக்கோ விடுமுறை நாள் மட்டும்தான் நாள். அந்த ஐந்து வாரத்தில் ஒருவர் முகத்தையாவது பார்த்திருந்தால், விரதத் தாடியே சொல்லியிருக்கும்.

“காலண்டர் என்ன சுவருக்கு அழகுக்கா மாட்டியிருக்கு? முருகனே வந்து உனக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பணுமா?” என்றார் அம்மா.

தேதியை மாற்ற வேண்டுமானால் ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கெடு கடந்தபோது நான் எழுத்துருவுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தேன். லீக் முடியாது என்றது. நைஜலுக்குப் போன் செய்தேன். அவருடைய ஆள்கள் பாதிப் பேருக்கு மறுநாள் விமானம். “சாரி, ரியலி சாரி” என்றார். நிஜமாகவே வருந்தினார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோச்சிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உன் தப்புதான்” என்றார். “சரி, எண்ணு.”

டிஷ்யூ பாக்கெட்டின் முதுகில் எழுதினேன். ஹாஜா. வெய் ஜி. அந்தோணி. ரஃபீக். தைப்பூசத்துக்குப் போகாதவர்கள் நால்வர். ஐந்தாவது, கோச் மாறனே. என்றோ ஒரு காலத்தில் ஆட்டக்காரராகப் பதிந்த அட்டை இன்னும் செல்லும். ஆறாவது பிரகாஷ். பந்தலில் மோர் ஊற்றும் ஐ.டி.காரர், மூன்று மணிக்குக் கழன்றுவிடலாம் என்றார். ஏழாவது?

முத்துவுக்குப் போன் போட்டேன். அவருக்குப் பெண் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. நல்லபடியாகப் பிறந்தால் பால் குடம் எடுப்பதாக வேண்டுதல்.

“அத நகத்த முடியாது தங்கச்சி.”

“நகத்தச் சொல்லலண்ணே. எத்தன மணிக்கு முடியும்?”

“சிராங்கூன் ரோட்லேருந்து பதினோரு மணிக்குக் கெளம்பறோம். டேங்க் ரோடு கோயில்ல கூட்டம் எப்படியோ, அது அவன் கைல. முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.”

“ஓட வேணாம். ரெண்டு ஸ்டேஷன்தான். நான் கூட்டிட்டு வர்றேன்.”

4. இரண்டு ஸ்டேஷன்

தைப்பூசம் அன்று மதியம் இரண்டு மணிக்கெல்லாம் டேங்க் ரோடு கோயிலுக்கு வெளியே நின்றேன். தோளில் முத்துவின் பை. போனில் கோச் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.

“வந்தானா?”

“இல்ல கோச்.”

“உள்ள போயி பாரு லா.”

“உள்ள போனா நானும் ராத்திரிதான் வெளிய வருவேன் கோச்.”

மூன்றே முக்காலுக்கு முத்து வெளியே வந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் அப்படி ஓர் அமைதி. அதைக் கலைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கலைத்தேன்.

“அண்ணே, ஓடுங்க!”

டோபி காட் ஸ்டேஷன் வரை கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினோம். இறங்கும் எஸ்கலேட்டரில் மூச்சு வாங்கியபடி பையை நீட்டினேன். முத்து இரண்டு படி பின்வாங்கினார்.

“அய்யய்யோ. அதக் கிட்ட கொண்டு வராத.”

“ஏன்?”

“தோலு தங்கச்சி. விரதம் முடிக்கற இடும்பன் பூசை ஆகற வரைக்கும் கால்ல தோல் படாம இருக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். வெறுங்காலோட ஆடிக்கறேன். ஊர்ல அப்படித்தான் ஆடுனேன்.”

வெறுங்காலோடு ஆட விதியில் இடமில்லை. எனக்குத் தெரியும், மிஸ்டர் டானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்னொரு ஜோடி வாங்கலாம் என்றால் வழியில் கடை இருந்தது, நேரம் இல்லை. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ரயில் கதவு திறந்து மூடியது. நான் என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தேன். முத்துவும் பார்த்தார். அவருடைய பெருவிரல் மட்டும் அதற்குள் போகும்.

திடலுக்குள் நாங்கள் நுழைந்தபோது நான்கு மணி பத்து நிமிடம். ஆறு பச்சைச் சட்டைகள் கோட்டில் நின்றன. அதில் ஒன்று கோச்சின் தொப்பைமேல் பாதியில் நின்றிருந்தது. மிஸ்டர் டான் முத்துவின் காலைப் பார்த்தார்.

“நோ பூட்ஸ், நோ பிளே.”

“மிஸ்டர் டான், ப்ளீஸ்...”

“நாட் மை ரூல், மிஸ்.” கடிகாரத்தைக் காட்டினார். “ஃபோர் மினிட்ஸ்.”

என்ன சிக்கல் என்று கோச்சிடம் சொன்னேன். அவர் முத்துவின் நெற்றி விபூதியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். முத்து தலை குனிந்து நின்றார். அந்த மனிதரிடம் வேண்டுதலை உடைக்கச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. தப்பு பண்ணியது நான், தவிப்பது அவர்.

ஹாஜா கோல் கம்பத்திலிருந்து நடந்து வந்தார். கையுறையைக் கழற்றினார். “அந்தப் பையக் கொடு.”

ஒரு பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தார். நகத்தால் கீறினார். மூக்கில் வைத்து நீளமாக மோந்தார்.

“டேய் முத்து, இது எந்தக் கங்காருடா?”

“என்னண்ணே?”

“பதினஞ்சு வருஷமா தோல் உரிக்கறேன். எந்தத் தோலுக்கும் ஒரு வாசம் உண்டு. இதுல பக்கெட் வாசம் அடிக்குது.”

“சும்மா இருங்கண்ணே. அசல் தோலு. கடைக்காரர் சத்தியம் பண்ணுனாரு!”

நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதும் மிஸ்டர் டான் பூட்ஸை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூட்ஸ் நாக்கின் அடியில் இருந்த எறும்பு எழுத்தை, வகுப்பில் விடை வாசிப்பது போல உரக்க வாசித்தார். “அப்பர், சிந்தெட்டிக். லைனிங், சிந்தெட்டிக். சோல், ரப்பர்.” கண்ணாடியைக் கழற்றினார். “நோ லெதர். டூ மினிட்ஸ்.”

ஒரு மனிதனுக்கு ஒரே நேரத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் வந்தால் முகம் எப்படிப் போகும் என்று அன்று பார்த்தேன்.

“ஆஸ்திரேலியாலேருந்து வந்ததுன்னானே...” என்றார் முத்து.

“வந்திருக்கும்டா, பிளாஸ்டிக் பையில. மாட்டு!” என்றார் ஹாஜா.

முத்து வானத்தைப் பார்த்தார். “முருகா, உனக்கு மொதல்லயே தெரியுமாடா?” பிறகு உட்கார்ந்து லேஸைக் கட்டினார்.

விசில். ஏழு பேர்.

5. தொண்ணூறு நிமிடம்

ஏழு பேர் பதினோரு பேரோடு ஆடினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அதுதான் ஆயிற்று. எங்களுக்குக் கோல் முக்கியமில்லை. ஒருவர் வெளியே போய்விட்டாலும் ஆறு, ஆறென்றால் வாக்ஓவர். எனவே யாரும் காயப்படக் கூடாது, யாரும் சிவப்பு அட்டை வாங்கக் கூடாது. இரண்டாவதில்தான் எனக்குக் கவலை. மிஸ்டர் டானோடு வாயாடாமல் கோச் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கற்கண்டு ஒரு பிடியை அவர் வாயில் திணித்து அனுப்பினேன். ஆஃப்சைடு கேட்க நினைத்த ஒவ்வொரு முறையும் கடக் கடக் என்று சத்தம் மட்டும் வந்தது.

எழுபதாவது நிமிடத்தில் பிரகாஷ் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

“எழுந்திருங்க பிரகாஷ்!”

“அஞ்சு மணி நேரம் மோர் ஊத்தினேங்க. ஒரு டம்ளர்கூடக் குடிக்கல.”

“யாருங்க குடிக்க வேணாம்னா?”

எதிர்ப்பக்கத்திலிருந்து நைஜல் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். பிரகாஷைத் தூக்கிக் கோல் கம்பத்தில் சாய்த்து நிறுத்தினோம். கடைசி இருபது நிமிடம் அவரும் ஒரு கம்பம்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் முத்து சறுக்கிப் பந்தைத் தடுத்தார். எழுந்தபோது வலது பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. அடிப்பாகம் குதிகால் வரை தொங்கியது. மிஸ்டர் டானின் கை விசிலுக்குப் போனது. தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி முத்துவிடம் எறிந்தேன். அவர் பூட்ஸைச் சுற்றி இரண்டு சுற்று இழுத்து மாட்டினார். மிஸ்டர் டான் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார். ஆட்டிப் பார்த்தார்.

“இஸ் பூட்ஸ்” என்றார். “பிளே ஆன்.”

கடைசி விசில் ஊதியபோது 0–7. ஏழு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோச் மீதிக் கற்கண்டைத் துப்பிவிட்டு, ஒன்றரை மணி நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் வானத்தைப் பார்த்துச் சொன்னார். நைஜல் என் பக்கத்தில் வந்து நின்று, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று இவர்களிடம் யாராவது சொன்னீர்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் அவருக்கு ஃப்ளாஸ்கிலிருந்து ஒரு டீ ஊற்றிக் கொடுத்தேன். அந்தச் சீசனில் என் டீயைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

கடைசி இடம் எங்களுக்குத்தான். ஆனால் அட்டவணையில் இடம் இருந்தது.

செயலாளர் வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். தேதி கேட்டு மெயில் வந்தால் உடனே பதில் போடாதீர்கள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டு வாருங்கள். எல்லாரும் விட்டுவைத்த நாள் உங்களுக்காகக் காத்திருக்கும் நாள் அல்ல. தேதி உறுதியான நிமிடமே ஆட்களிடம் சொல்லுங்கள், போஸ்டர் பிறகு வரட்டும். அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து என் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த மாதம் முத்து புது பூட்ஸ் வாங்கப் போனார். ஹாஜாவையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் ஒவ்வொரு ஜோடியையும் ஹாஜா மோந்து பார்த்திருக்கிறார். கடைக்காரர் போலீஸைக் கூப்பிடாததுதான் பாக்கி. உண்மையான தோல் ஒன்று, நல்ல விலைக்கே கிடைத்திருக்கிறது. முத்து அதை வைத்துவிட்டு பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏண்ணே? அசலே கிடைச்சுதாமே?” என்றேன்.

முத்து பூட்ஸைத் துடைத்துத் துணிப்பையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

“அடுத்த வருசமும் தைப்பூசம் வரும் தங்கச்சி. நீயும்தான் செக்ரட்டரியா இருப்ப. எதுக்கு ரிஸ்க்கு?”